நிழற்படக்காரர் பால்கே

தாதர் கிழக்கில் இறங்கி நடப்பவர்கள் தாதாசாகேப் பால்கே பெயர் தாங்கிய சாலையை ஒருமுறையேனும் கடந்திருப்பார்கள். பெயர்ப் பலகையை நின்று படித்தவர் சிலரே இருப்பர். அந்நாளில் தாதர் மெயின் ரோடு என்று வழங்கிய அச்சாலையின் ஓரத்தில், 1912-ஆம் ஆண்டு, ஒரு பங்களாவின் வளாகத்திலே அரிச்சந்திர மகாராஜாவின் அரண்மனை துணியாலும் மரச்சட்டத்தாலும் எழும்பிற்று. பாரத நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படம் அங்கேதான் உருவாயிற்று.

பால்கேயின் பெயர் தமிழருக்குப் புதிதன்று. மத்திய அரசு 1969-ல் ஏற்படுத்திய பால்கே விருதை 1996-ஆம் ஆண்டுக்காகச் சிவாஜி கணேசனும், 2010-ஆம் ஆண்டுக்காகக் கே. பாலசந்தரும், 2019-ஆம் ஆண்டுக்காக ரஜினிகாந்தும் பெற்றபோது அப்பெயர் நம் வீடுகள்தோறும் ஒலித்தது. ஆயின், படம் எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டிருந்தது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் அவர் நிழற்படக்காரராகவும், திரை எழுதுபவராகவும், கண்கட்டு வித்தைக்காரராகவும், அச்சுக்கூடத்துத் தொழிலாளராகவும் அலைந்தவர். எடுத்த தொழில் ஒன்றும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அந்த இருபது ஆண்டுகளைப் பற்றியே இங்கு மிகுதியும் எழுத விரும்புகிறேன். வெற்றி பெற்ற பிறகு உள்ள பால்கேயை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

கோதாவரி தோன்றும் பிரம்மகிரியின் அடிவாரத்தில், நாசிக் நகருக்கு அருகே, திரியம்பகேசுவரம் என்னும் சிவத்தலம் இருக்கிறது. பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்று. அவ்வூரில் 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் துண்டிராஜ் கோவிந்த் பால்கே பிறந்தார். தந்தையார் வடமொழிப் புலவர். அவருக்குப் பம்பாய் வில்சன் கல்லூரியில் வடமொழி கற்பிக்கும் பணி கிடைக்கவே, குடும்பம் இம்மாநகருக்குக் குடிபெயர்ந்தது. சாஸ்திரம் ஓதும் குடும்பத்துப் பிள்ளை தந்தையின் வழியே சென்று புரோகிதமோ புலமையோ பெறுவான் என்று சுற்றத்தார் எதிர்பார்த்திருப்பர். பிள்ளையோ தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டான். 1885-ல், பதினைந்தாம் வயதில், பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் சித்திரம் பயிலச் சேர்ந்தான். அடுத்த ஆண்டு தமையனாருடன் பரோடா சென்றான்.

பரோடாவை அப்பொழுது ஆண்டவர் சாயாஜிராவ் கெயிக்வாட். கைத்தொழிலும் கலையும் ஒரு கூரையின்கீழ்ப் பயிற்றுவிக்கப்பட வேண்டும் என்று கருதிக் கலாபவனம் என்னும் கல்விச்சாலையை நிறுவியவர். அதன் தலைமையாசிரியராக விளங்கியவர் கஜ்ஜார் என்னும் இரசாயன அறிஞர். பால்கே அங்கே எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும் எழுதக் கற்றார். மண்ணில் உருவம் வனையவும் கட்டிட வரைபடம் போடவும் கற்றார். 1890-ல் ஒரு காமிராவை விலைக்கு வாங்கினார். அதுமுதல் மற்றவை யாவும் பின்னுக்குச் சென்றன.

அக்காலத்து நிழற்படக் கலை எத்தகையது என்பதை இங்கே சிறிது சொல்ல வேண்டும். முன்னைய தலைமுறையினர் கண்ணாடித் தகட்டில் இரசாயனத்தைப் பூசி, அது ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். பால்கே இத்தொழிலுக்கு வந்த காலத்தில் உலர்ந்த தகடுகள் பெட்டி பெட்டியாகக் கடையில் கிடைத்தன. எனினும் உருவப்படம் எடுப்பது எளிதாகிவிடவில்லை. வாடிக்கையாளர் அசையாமல் இருப்பதற்காக அவர் கழுத்தின் பின்னே இரும்புக் கவடு ஒன்றை மறைவாக நிறுத்தும் வழக்கம் இன்னும் ஆங்காங்கே இருந்தது. பின்னால் தொங்கும் திரையில் மாளிகைத் தூணோ, ஏரியோ, தோட்டமோ எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு வேலைப்பாட்டு நாற்காலி. அதன்மேல் ஊன்றிய கை. ஜமீன்தாருக்கும் அதே நாற்காலி, குமாஸ்தாவுக்கும் அதே நாற்காலி. நம் பழைய குடும்பப் படங்களை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்; தாத்தாவின் பின்னே தெரியும் அரண்மனை எந்த ஊரிலும் இருந்ததில்லை.

படம் எடுத்தபின் இருட்டறையில் நிகழும் வேலை அதனினும் நுட்பமானது. நெகடிவ் தகட்டின்மேல் கூரிய பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை மறைப்பார்கள். முதியவரின் சுருக்கத்தைக் குறைப்பார்கள். மணமகளின் நகைக்குப் பொன்வண்ணம் தீட்டுவார்கள். இரண்டு தகடுகளிலுள்ள உருவங்களை ஒரே தாளில் சேர்த்து அச்சிடவும் வல்லவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தில் ரெஜ்லாண்டர் என்பவர் முப்பதுக்கு மேற்பட்ட தகடுகளை இணைத்து, ஒரு பெருங்கூட்டமே நிறைந்த கற்பனைக் காட்சியை 1857-லேயே உண்டாக்கிக் காட்டினார். அத்தனை தூரம் போவானேன்? நம் பம்பாயிலேயே வில்லியம் ஜான்ஸன் என்னும் ஆங்கிலேயர், இம்மாநகரில் வாழும் பல வகுப்பினரையும் தனியே நிறுத்திப் படமெடுத்து, அவ்வுருவங்களை வேறோரிடத்துக் காட்சிகளின்மேல் ஒட்டி 1860-களில் புத்தகமாக வெளியிட்டார். ஒருபோதும் நில்லாத இடத்தில் மனிதர்கள் நிற்பதாக அப்புத்தகம் காட்டுகிறது. இன்று கணினியின் முன் அமர்ந்து ஓர் உருவத்தை மற்றோர் உலகத்தில் கொண்டுபோய் வைக்கும் இளைஞர்களுக்கு மூத்தோர் இவர்களே.

பால்கேயின் கைத்திறனை உணர்ந்த கஜ்ஜார் அவரை ரத்லாமுக்கு அனுப்பி, மூவண்ணப் பிளாக்குச் செய்யவும், நிழற்படத்தைக் கல்லச்சுக்கு மாற்றவும் பயிற்சி பெறச் செய்தார். திரும்பி வந்தபின் கலாபவனத்து நிழற்பட அறையையே அவருடைய தொழிலுக்குத் திறந்துவிட்டார். ஆசிரியர் ஒருவர் மாணவனுக்கு இதனினும் மேலாக என்ன செய்ய முடியும்?

மணமாகிக் குடும்பஸ்தராகிவிட்ட பால்கே, தனித்தொழில் நடத்தலாம் என்று துணிந்து, குஜராத்தில் உள்ள கோத்ரா என்னும் ஊரில் நிழற்பட நிலையம் வைத்தார். வாணிகம் மிகுந்த சிற்றூர், போட்டியாளர் குறைவு, கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் 1896-ல் பம்பாயில் புகுந்த பிளேக் நோய் பின்னர் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. 1900-ஆம் ஆண்டளவில் அது கோத்ராவில் பால்கேயின் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. மனைவியையும் குழந்தையையும் அவர் இழந்தார். முப்பது வயதுக்குள் வாழ்க்கை ஒருமுறை முற்றும் கலைந்துபோயிற்று.

நிலையத்தை மூடிவிட்டுப் பரோடாவுக்கே மீண்டார். அங்கே மீண்டும் காமிராவை நிறுத்தினார். வேறொரு தடை குறுக்கே வந்தது. காமிரா மனிதனுடைய உயிர்ச்சத்தை உறிஞ்சிவிடும், படம் எடுத்துக்கொண்டவன் விரைவில் இறப்பான் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியிருந்தது. இதைக் கேட்டு நாம் நகைக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் காலத்தில் தமிழ்நாட்டிலும் படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று சொல்லிப் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டவர்கள் உண்டு. பரோடாவில் அரச குலத்து இளவல் ஒருவரே அஞ்சிப் பின்வாங்கினார் என்றும், பால்கே பலவாறு எடுத்துரைத்து அவரை இசையச் செய்தார் என்றும் சொல்வர். இளவல் இசைந்தார், ஊர் இசையவில்லை. கொள்ளைநோய்க்கு மனைவியையும் மகவையும் பறிகொடுத்த மனிதர், தம் கையிலுள்ள பெட்டியே மரணத்தைக் கொண்டுவருகிறது என்று பிறர் சொல்லக் கேட்டுக்கொண்டு அந்நாட்களைக் கழித்திருக்கிறார்.

வயிற்றுப் பிழைப்புக்காக நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக் கொடுத்தார். அரண்மனை, கானகம், சுடுகாடு, கயிலாயம் ஆகிய யாவும் துணியில் எழுந்தன. மேடையில் எவ்விடத்திலிருந்து பார்த்தால் எது மெய்போல் தோன்றும் என்னும் கணக்கு அவருக்குக் கைவந்தது. அவ்வமயம் பரோடாவுக்கு வந்திருந்த ஜெர்மானிய வித்தைக்காரர் ஒருவரிடம் கண்கட்டு வித்தையும் பயின்றார். தம் பெயரின் எழுத்துக்களைத் திருப்பிப் போட்டுக் கெல்பா என்று ஒரு புனைபெயர் சூட்டிக்கொண்டு, பேராசிரியர் கெல்பா என்ற பட்டத்தோடு மேடையேறினார். நிழற்படக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உருவத்தை வரவழைக்கிறான். வித்தைக்காரன் கறுப்புத் துணியை வீசி உருவத்தை மறைக்கிறான். துணி ஒன்றுதான்.

1902-ஆம் ஆண்டை ஒட்டி அவர் மறுமணம் செய்துகொண்டார். கிரிஜா என்னும் அப்பெண்மணி புகுந்த வீட்டில் சரசுவதி என்று பெயர் பெற்றார். அந்த அம்மையாரைப் பற்றிப் பின்னே சொல்ல நிறைய இருக்கிறது.

1903-ல் அரசாங்கத் தொல்பொருள் துறையில் நிழற்படம் எடுக்கவும் வரைபடம் போடவும் பணி கிடைத்தது. பாழடைந்த கோயில்களும் குகைச் சிற்பங்களும் அவருக்கு வாடிக்கையாளராயின. கற்சிலைகள் ஆயுள் குறையும் என்று அஞ்சுவதில்லை. நிலையான சம்பளம், மதிப்புள்ள உத்தியோகம். ஆயினும் வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி உணர்ச்சி நாடெங்கும் பெருகியபோது பால்கே அரசாங்க வேலையை உதறிவிட்டார். கூட்டாளி ஒருவரோடு லோனாவ்லாவில் அச்சுக்கூடம் தொடங்கினார்.

அவ்வச்சுக்கூடத்துக்கு வந்த முக்கியமான வேலை இரவிவர்மா அச்சகத்தினுடையது. இலக்குமியும் சரசுவதியும் முருகனும் வண்ணத்தாளில் அச்சாகி, திருவனந்தபுரம் தொடங்கிக் காசிவரை பூசையறைகளில் ஏறிய காலம் அது. இன்றைக்கும் தாராவியிலோ செம்பூரிலோ பழைய குடித்தனம் ஒன்றின் சுவரில் அப்படங்களின் வழித்தோன்றல்களைக் காணலாம். ஓவியத்தை நிழற்படமாக்கி, வண்ணங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கல்லாக மாற்றி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக மயிரிழை பிசகாமல் அச்சிட வேண்டும். ஒரு கல் சிறிது நகர்ந்தாலும் தேவியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வேலையில் பால்கே ஆழ்ந்தார். அதனினும் பெரியதொரு பாடம் அவருக்கு அங்கே கிட்டியது என்பது என் எண்ணம். இரவிவர்மாவின் கையில் தெய்வங்கள் மனித முகம் கொண்டன. ஏதோ ஒரு நாட்டுப் பெண்ணின் கண்ணும் மூக்கும் கலைமகளுக்கு அமைந்தன. எனவே உருவப்படக் கலையும் தெய்வத் திருக்கோலமும் வெவ்வேறல்ல. இதனை ஒவ்வொரு நாளும் மசி பூசிய விரல்களோடு அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அச்சுக்கூடம் 1908-ல் தாதருக்கு இடம் மாறி இலட்சுமி கலை அச்சகம் என்று பெயர் பெற்றது. 1909-ல் பால்கே ஜெர்மனி சென்று வண்ண அச்சு எந்திரங்கள் வாங்கி வந்தார். வேலைக்குப் பெயரும் ஏற்பட்டது. ஆனால் பங்காளிகளுடன் மனவேற்றுமை முற்றிற்று. உரிமை ஒன்றும் கோராமல் வெறுங்கையோடு வெளியேறினார். வேறு அச்சகம் வைக்கப் பணம் தருகிறோம் என்று வந்தவர்களையும் மறுத்துவிட்டார். நாற்பது வயது, வருமானம் இல்லை, வீட்டில் குழந்தைகள். இத்தகைய மனிதரை அறிவாளி என்று எவரும் அப்போது சொல்லியிரார்.

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், கிர்காமில் கூடாரம் அடித்திருந்த ஒரு பயாஸ்கோப்புக் கொட்டகைக்கு மகன் பாலச்சந்திரனை அழைத்துச் சென்றார். திரையில் விலங்குகள் ஓடின. மறுநாள் மனைவியையும் அழைத்துச் சென்றார்; அன்று ஈஸ்டரை முன்னிட்டு ஏசுநாதர் சரிதம் காட்டப்பட்டது. மற்றவர்கள் ஏசுநாதரைப் பார்த்தார்கள். பால்கேயின் மனக்கண்ணில் இராமனும் கண்ணனும் தோன்றினார்கள். கொட்டகையிலிருந்து வீடு திரும்பிய அவ்விரவு முதல் அவருக்கு உறக்கம் போயிற்று.

கிடைத்த படங்களையெல்லாம் தினந்தோறும் சென்று பார்த்தார். விலைப்பட்டியல்களையும் பழைய படச்சுருள் துண்டுகளையும் சேகரித்து இரவில் ஆராய்ந்தார். ஓய்வின்மையால் கண்கள் பழுதுற்று, சிறிது காலம் பார்வையே மங்கிப்போயிற்று. கண்ணை நம்பி வாழும் மனிதருக்குக் கண் போயிற்று என்றால் அஃது எத்தகைய அச்சம்! மருத்துவர் ஒருவரின் விடாமுயற்சியாலும் பல கண்ணாடிகளின் உதவியாலும் பார்வை மீண்டது. மீண்டவுடன் அவர் செய்த காரியம் ஆயுள் காப்புப் பத்திரங்களை ஈடு வைத்து இலண்டனுக்குக் கப்பல் ஏறியது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று ஒருகாலத்தில் பிறர் சொன்னார்கள். இப்போது படம் எடுப்பதற்காகத் தம் ஆயுளையே அடகு வைத்தவர் அவர்.

1912 பிப்ரவரியில் இலண்டன் சேர்ந்தார். பயாஸ்கோப் என்னும் வாரப் பத்திரிகையின் அலுவலகத்துக்கு முன்பின் அறிமுகமின்றி நுழைந்து, ஆசிரியரைச் சந்தித்தார். இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம் என்று அவர் முதலில் தடுத்தாலும், இவருடைய உறுதியைக் கண்டு, ஹெப்வொர்த் என்னும் படத் தயாரிப்பாளரிடம் அனுப்பிவைத்தார். ஹெப்வொர்த் தம் படக்கூடம் முழுவதையும் சுற்றிக் காட்டினார். பால்கே வில்லியம்ஸன் காமிரா ஒன்றும், சுருளின் ஓரத்தில் துளையிடும் எந்திரம் ஒன்றும் வாங்கிக்கொண்டு ஏப்ரல் மாதத்தில் பம்பாய் திரும்பினார்.

கதைப்படம் எடுக்கப் பணம் தருவார் யார்? செல்வர்களுக்கு நம்பிக்கை உண்டாக்க ஒரு மாதிரிப் படம் காட்ட வேண்டும். பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி அதன் முன்னே காமிராவை அசையாமல் நிறுத்தினார். இடைவிட்டு இடைவிட்டு ஒவ்வொரு சட்டமாகப் பல வாரங்கள் படம் பிடித்தார். திரையில் ஓட்டியபோது முளை மண்ணைப் பிளந்து எழுந்தது, இலை விரிந்தது, கொடி கையை நீட்டிப் பற்றுக்கோலைத் தேடிற்று. ஒரு மாதத்து வளர்ச்சி ஒன்றிரண்டு நிமிடங்களில் நிகழ்ந்து முடிந்தது. கெல்பாவின் வித்தைகளுள் இதுவே சிறந்தது. பொய் ஒன்றும் இல்லாத வித்தை. பணம் கிடைத்தது, போதாததற்கு சரசுவதி அம்மையாரின் நகைகள் உதவின.

அரிச்சந்திர சரிதத்தில் சந்திரமதியாக நடிக்கப் பெண் கிடைக்கவில்லை. நாடகமேடையில்கூட ஆடவரே பெண்வேடம் தரித்த காலம் அது. முடிவில் கிராண்ட் ரோடுப் பக்கம் ஓர் உணவுக்கடையில் சமையல் வேலை பார்த்த சாலுங்கே என்னும் இளைஞரின் மெலிந்த கைகளும் முகவாட்டமும் பால்கேயின் கண்ணில் பட்டன. மாதம் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர் பதினைந்து ரூபாய்க்கு அரசியானார். ஆயிரம் முகங்களைக் காமிராவின் வழியே பார்த்துப் பழகிய கண்ணன்றோ? தொழிலாளர்கள் வெளியே எங்கு வேலை என்று கேட்டால் அரிச்சந்திரன் ஆலையில் வேலை என்று சொல்லும்படி அறிவுறுத்தப்பட்டார்களாம். சினிமா வேலை அத்துணை இழிவாக எண்ணப்பட்டது.

இங்கேதான் சரசுவதி அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் அத்தனை பேருக்கும் உணவு சமைத்தவர் அவர். வெயிலில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து நடிகரின் முகத்தில் ஒளியைத் திருப்பியவர் அவர். இரவில் இருட்டறையில் படச்சுருளுக்குத் துளையிட்டு, இரசாயனங்களைக் கலந்து, சுருளைக் கழுவியவரும் அவரே. பரோடாவிலும் ரத்லாமிலும் கணவர் கற்ற வித்தையை அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் நடுவே அவர் கற்றுக்கொண்டார். முதற்படத்தின் விளம்பரங்களில் அவர் பெயர் இடம்பெற்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சுமார் 3,700 அடி நீளமுள்ள இராஜா அரிச்சந்திரா 1913 ஏப்ரல் 21-ஆம் நாள் ஒலிம்பியா அரங்கில் பெரியோர்களுக்குக் காட்டப்பெற்று, மே 3-ஆம் நாள் கிர்காம் காரனேஷன் அரங்கில் பொதுமக்களுக்குத் திறந்தது. தெய்வம் புகையினின்று தோன்றுவதையும் மறைவதையும் கண்டு மக்கள் மெய்சிலிர்த்தார்கள். செய்முறை எளியதே. காமிராவின் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தி, நடிகரை விலக்கிவிட்டு, மீண்டும் சுற்றினால் அவர் மாயமாய் மறைந்துவிடுவார். வில்லையின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மூடிப் படம் பிடித்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியைத் திறந்தால் ஒருவரே இருவராவார். பிரான்சு நாட்டில் மெலியே என்பவர் இவ்வித்தைகளை முன்பே கையாண்டவர். அவரும் மேடை வித்தைக்காரராகத் தொடங்கியவர்தாம். ஆனால் மெலியே சந்திர மண்டலத்துக்குப் போனார். பால்கே நம் பாட்டி சொன்ன கதைக்குள் போனார்.

பின்னர் நாசிக்கில் குடியேறி அடுத்தடுத்துப் படங்கள் எடுத்தார். 1917-ல் வெளிவந்த இலங்கா தகனத்தில் இராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் சாலுங்கே ஒருவரே. ஒரே முகத்தை ஒளியாலும் ஒப்பனையாலும் ஆணாகவும் பெண்ணாகவும் மாற்றுவது உருவப்படக்காரரின் துணிவு. இராமன் திரையில் தோன்றியபோது மக்கள் காலணிகளைக் கழற்றினார்கள் என்பர். சென்னையில் அப்படத்தின் வசூல் காசுகள் மாட்டு வண்டியில் ஏற்றப்பட்டு, போலீசுக் காவலோடு போயின என்று ஒரு கதை வழங்குகிறது. 1918-ல் வெளிவந்த கிருஷ்ண ஜன்மத்தில், அச்சத்தால் நடுங்கும் கம்சனைச் சூழ்ந்து கண்ணன் உருவங்கள் தோன்றுகின்றன. கம்சன் தலை உடலைவிட்டு மேலெழுகிறது. இருட்டறையில் கற்ற தகட்டிணைப்பு வித்தையின் பயன் இதுவே.

இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொடுவது 1919-ஆம் ஆண்டின் காளிய மர்த்தனம். கண்ணனாக நடித்தவர் பால்கேயின் மகள் மந்தாகினி. ஏழு வயதளவே இருக்கும். நீருக்கடியில் பாம்போடு போராடுவதும் அதன் தலைமேல் நடம் புரிவதும் பார்ப்போரை மயக்குவன. ஆனால் கதை தொடங்குமுன் பால்கே ஒரு காரியம் செய்கிறார். சிறுமியின் முகத்தை மட்டும் அருகில் காட்டுகிறார். அவள் சிரிக்கிறாள், சினக்கிறாள், வியக்கிறாள், முகம் சுளிக்கிறாள். பின்புறத்தில் மாளிகைத் திரையும் இல்லை, வேலைப்பாட்டு நாற்காலியும் இல்லை. இவள்தான் இனிக் கண்ணனாகப் போகிறாள் என்று முன்னதாகவே சபைக்கு அறிமுகம் செய்துவிட்டு, பிறகு மயிற்பீலி சூட்டி அவளைக் கண்ணனாக்குகிறார். வித்தைக்காரன் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு வித்தையைத் தொடங்குவது போன்றது இது. தன் குழந்தை ஒன்றைக் கோத்ராவில் மண்ணுக்குக் கொடுத்த நிழற்படக்காரர், இந்தக் குழந்தையின் முகத்தை அவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எஞ்சிய வரலாறு சுருக்கமானது. 1918-ல் பம்பாய்ச் செல்வர்களோடு கூட்டாக ஏற்பட்ட இந்துஸ்தான் படக் கம்பெனியில் அவருக்கு நிம்மதி இல்லை. கலைஞர் கையை விரிப்பார். முதலாளிகள் கணக்கைப் பிடிப்பார்கள். தவறு ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது என்று கூற இயலாது. பங்காளிகளுடன் இணங்கிப் போகும் குணம் பால்கேக்கு என்றுமே இருந்ததில்லை. 1920-ல் விலகிக் காசிக்குச் சென்று ரங்கபூமி என்னும் நாடகம் எழுதினார். மறுபடி வந்தார், மறுபடி பிரிந்தார். 1931-ல் ஆலம் ஆரா பேசிற்று. அவ்வமயம் அவர் ஊமைப்படமாக எடுத்துக்கொண்டிருந்த சேதுபந்தனத்துக்குப் பின்னர் ஒலி சேர்க்க வேண்டியதாயிற்று. 1937-ல், அறுபத்தேழாம் வயதில், கோலாப்பூரில் கங்காவதரணம் என்னும் பேசும்படத்தை இயக்கினார். அதுவே கடைசி. போர்க்காலத்தில் படம் எடுக்க அரசாங்க உரிமம் தேவைப்பட்டது. முதுமையில் மீண்டும் ஒரு படம் எடுக்க விரும்பி உரிமம் கேட்டார் என்றும், கிடைக்கவில்லை என்றும் சொல்வர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் நாசிக்கில் காலமானார்.

அவர் எடுத்தவை தொண்ணூறுக்கு மேற்பட்ட படங்கள் என்று கணக்கிடுவர். எளிதில் தீப்பற்றும் அந்நாளைய சுருள்களுள் பெரும்பாலானவை பொடியாய்ப் போயின. இராஜா அரிச்சந்திராவில் சில பகுதிகள் கிடைத்துள்ளன. அவையும் முதற்படத்தைச் சேர்ந்தனவா, 1917-ல் மீண்டும் எடுத்ததைச் சேர்ந்தனவா என்று ஆராய்ச்சியாளர் வாதிடுவர். காளிய மர்த்தனம் பெரும்பகுதி பிழைத்திருக்கிறது. மந்தாகினியின் முகமும் பிழைத்தது. படம் எடுக்கும் விதத்தை விளக்க 1917-ல் அவர் எடுத்த சிறு படத்தின் துண்டு ஒன்றும் எஞ்சியுள்ளது. அதில் பால்கே தாமே தோன்றுகிறார். மீசை அடர்ந்த முகம். காமிரா தம்மை நோக்கியிருப்பதைச் சிறிதும் பொருட்படுத்தாமல், கையிலுள்ள படச்சுருளைச் சட்டம் சட்டமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.